ஐந்து எண்ணுவதற்குள் அணைந்த லெப்டொப்

“ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க” என்று சொல்லி ஒருவர் லெப்டொப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், அந்தப் பேச்சை உடனே நம்பிவிடக் கூடாது. அவர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அந்த ஒரு பேச்சுக்குள் பல வியாதிகள் ஒளிந்திருக்கும். ஒன்றில் விளக்கே எரியாது. ஒன்றில் விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாகவே கிடக்கும். ஒன்று கம்பனிச் சின்னத்தைக் காட்டிவிட்டு அதிலேயே நின்றுவிடும். ஒன்றில் சின்ன வட்டம் ஒன்று சுற்றும், நாம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று ஒழுங்காகத் தொடங்கிப் பிறகு தானாகவே அணைந்து தொலையும். இதில் எது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்குரூவைக் கழற்றுகிறவனை நான் மெக்கானிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதை எழுதச் சொன்னது ஹட்டனில் நான் வேலை பார்த்த கடையின் பிள்ளைகள். சின்ன ஸ்குரூவைப் பார்க்கக் கண் மறுத்துவிட்டதால் அண்மையில்தான் வேலையிலிருந்து நின்றேன். கடைசி வாரத்தில் ஒருநாள் அவர்கள் கேட்டார்கள்: “அங்கிள், இப்ப ஒரு டெஸ்ட் கார்டைச் சொருகினாலே என்ன பழுதுன்னு நம்பர் காட்டிருது. அப்புறமும் மிஸ் எதுக்கு, அன்னிக்கி வீட்டுல என்ன நடந்துச்சு, யார் யார் இருந்தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க? வந்தவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காதா?” வாயால் சொன்னால் பாதியில் ஃபோனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

மிஸ் என்று நாங்கள் சொல்வது கடையின் உரிமையாளர் நிஸ்மியாவை. அவருடைய வாப்பா அதே இடத்தில் ரேடியோ கடை வைத்திருந்தார். இவர் கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, கொஞ்சக் காலம் கடை மாடியில் வகுப்பு நடத்தினார். வகுப்பு நின்ற பிறகும் பெயர் போகவில்லை; பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவர் மிஸ்தான். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை மிஸ் என்பேன்.

நான் அதற்கு முன் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கொழுந்தை வாட்டும் பெரிய ஃபேன், உருட்டும் மெஷின் என்று எல்லாமே சத்தம் போடுகிற சாமான்கள். எங்கே நோகிறது என்று அவையே கத்திச் சொல்லிவிடும். தொழிற்சாலையை மூடிய பிறகு மிஸ்ஸின் கடையில் சேர்ந்தேன். லெப்டொப் ஒன்றும் பேசாமல் கிடப்பதைப் பார்த்து முதலில் எரிச்சல்தான் வந்தது. ஈயம் பற்றவைக்க முன்பே தெரியும். மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். அந்தக் கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது மிஸ் வேலை செய்யும் விதத்தை.

வந்த லெப்டொப்பை மிஸ் முதலில் தொட மாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கடைசியாக எப்போது நன்றாக வேலை செய்தது? அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது? ராத்திரியில் எங்கே வைப்பீர்கள்? அடுப்பு எந்தப் பக்கம்? போலீஸ் விசாரணை போல இருக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுகம் விசாரிப்பது போல இருக்கும். வந்தவர் அவர் கேட்டதற்கு மேலும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார்.

அதற்குப் பிறகுதான் கை வேலை. சார்ஜரைப் பிடுங்கி, பெட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து உள்ளே தேங்கியிருக்கும் கரண்டை வடித்துவிடுவார். பிறகு பெட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்ப்பார். திரை இருட்டாக இருந்தால் டொர்ச் லைட்டைச் சாய்வாக அடித்து, உள்ளே மங்கலாகப் படம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, திரையின் வெளிச்சம்தான் போயிருக்கிறது. அடுத்து ரேம். அதைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவார். நம் மலையின் ஈரத்துக்குப் பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதில் இருப்பதையெல்லாம் முதலில் வேறொன்றில் பிரதி எடுத்து வைப்பார். “மெஷின் போனா வேற வாங்கலாம், அதுக்குள்ள இருக்கிறத எங்க போய் வாங்குறது?” என்பார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இது அவருடைய சட்டம். அவசரத்தில் நான் ரேமையும் மாற்றி பெட்டரியையும் மாற்றினால், கோபிக்க மாட்டார். “இப்ப எதால சரியாச்சுன்னு சொல்லுங்க அண்ணே” என்று மெதுவாகக் கேட்பார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்ட ஆபீஸ் கிளார்க் ஒருவர் ஒரு லெப்டொப்போடு அலைந்துகொண்டிருந்தார். காலையில் ஆபீஸில் அது ஸ்டார்ட் ஆகாது. பஸ் ஏறி ஹட்டனுக்குக் கொண்டுவந்தால் எங்கள் மேசையில் ஜம்மென்று வேலை செய்யும். மனுஷனுக்கு அவமானமாகப் போய்விட்டது. பொய் சொல்கிறார் என்றே நான் முடிவு கட்டினேன். மிஸ் கேட்டது இதைத்தான்: “ராவைக்கு எங்க வைப்பீங்க?”

“ஜன்னல் ஓரத்துல மேசையிலங்க.”

“ஜன்னல் நல்லா மூடுமா?”

கிளார்க் யோசித்துவிட்டு, “அது மூடாமப் போயி வருஷக்கணக்காச்சுங்க” என்றார்.

“நீங்க கம்பளியப் போத்திக்கிட்டுப் படுக்கிறீங்க, அத மட்டும் பனியில விட்டுட்டுப் போறீங்களே” என்றார் மிஸ். குளிரில் விறைத்த பழைய ஹார்ட் டிஸ்க், விடிந்ததும் சுற்ற மறுத்திருக்கிறது. பஸ்ஸில் அவர் மடியில் இருந்து சூடு பிடித்ததும் சரியாகிவிடும். ராத்திரி அலுமாரிக்குள் வைக்கச் சொன்னார், சமயம் பார்த்து டிஸ்கை மாற்றிக்கொள்ளவும் சொன்னார். கிளார்க் சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது பிள்ளைகள் கேட்டதற்கு உண்மையான பதில்.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்குக் கடையில் என் மேசையில் மட்டும் ஒரு சின்னப் பூஜை போடுவேன். மீற்றர், ஸ்குரூ ட்ரைவர்கள், பற்றவைக்கும் இரும்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மிஸ் அதற்கு இடம் ஒதுக்கித் தருவார், பூவுக்குத் தண்ணீர்க் கிண்ணம்கூடத் தேடித் தருவார். முதல் வருஷம் நான் தட்டை நீட்டியபோது, “படைச்சத நாங்க சாப்பிடுறதில்ல அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்படி ஒரு பூஜை முடிந்து சில நாட்களில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் லெட்சுமி, கொழுந்து பறிக்கிறவர். மகள் தர்ஷினி. ஒரு லெப்டொப்பைத் துவாயில் சுற்றி, பைக்குள் வைத்து, அந்தப் பையைத் தாய்தான் நெஞ்சோடு பிடித்திருந்தார். ஆன் செய்தால் விளக்கு எரியும், சின்னம் வரும், உடனே அணைந்துவிடும். ஏற்கெனவே வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். மதர்போர்ட் போய்விட்டது, வேறு வாங்குவதுதான் வழி என்று சொல்லிவிட்டார்களாம்.

தர்ஷினிக்கு ஒரு கொழும்புக் கம்பனியில் வேலை. தோட்டத்து லயன் வரிசையில் இருக்கும் தங்கள் வீட்டிலிருந்தே அவர்களுடைய பில்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்ப வேண்டும். சில நாட்களாக வேலை நிற்கிறது. திங்கட்கிழமைக்குள் திரும்பத் தொடங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

லெட்சுமி அம்மா சொன்னார்: “இது நான் குவைத்துல வீட்டு வேலை செஞ்சிட்டு வந்தப்ப வாங்கியாந்ததுங்க. இது சரிவரலன்னா நான் திரும்பப் போயிருவேன். ஏஜென்சியில சொல்லி வச்சிட்டேன். பாஸ்போட்டும் கையிலதான் இருக்கு.”

மகள் தாயைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள்: “நான் பெரியவளானப்பகூட இவங்க இங்க இல்ல மிஸ். அத்தைதான் வளர்த்தாங்க. இப்பத்தான் வந்திருக்காங்க. வந்த ஒடனே திரும்பப் போறேன்னு நிக்கிறாங்க.”

மிஸ் தன் வழக்கப்படி கையை மடியில் வைத்துக்கொண்டார். “கடைசியா நல்லா வேலை செஞ்ச அன்னிக்கி வீட்டுல என்ன நடந்துச்சு?”

“ஒண்ணுமே நடக்கல மிஸ். பூஜைக்கு முந்தின நாள் நல்லா இருந்துச்சு. பூஜையன்னிக்கு சாமிகிட்ட வச்சிட்டோம், தொடவே இல்ல. மறுநாள் எடுத்தா இப்படி.”

தொடாத மெஷின் எப்படிக் கெடும்? இதில் துப்பு ஒன்றும் இல்லை என்று நினைத்து நான் லெப்டொப்பை உள்ளே கொண்டுபோனேன். கடையின் பின்பக்கம், பலகைத் தடுப்புக்கு அந்தப் புறம்தான் எங்கள் வேலை மேசை. தாயும் மகளும் முன்பக்க வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். பூஜையில் வைத்த கற்கண்டு கொஞ்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். லெட்சுமி அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “மிஸ்ஸுக்குங்க?” என்றார். படைத்ததை அவர்கள் சாப்பிடுவதில்லை என்றேன். “ஆமால்ல” என்று தலையாட்டினார்.

முதல் வேலையாக ஹார்ட் டிஸ்கில் இருந்ததைப் பிரதி எடுத்தோம். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எங்கள் சார்ஜர் போட்டோம், அணைந்தது. பெட்டரியைக் கழற்றினோம், அணைந்தது. ரேமைத் தேய்த்துப் போட்டோம், பிறகு வேறு ரேம் போட்டோம், அணைந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லாமல் ஓட்டினோம், அணைந்தது. ஃபேனில் தூசிகூட இல்லை. “மதர்போர்ட்தான் மிஸ், அவங்க சொன்னது சரிதான்” என்றேன். வெளியே இருக்கும் இரண்டு பேரின் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

மிஸ் லெப்டொப்பை என் பக்கம் திருப்பினார். “திரும்ப ஆன் பண்ணுங்க” என்றார். செய்தேன். அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து என்று முடிப்பதற்குள் அணைந்தது. “இன்னொரு தடவ.” அதே ஐந்து. “சார்ஜர மாத்துங்க.” அதே ஐந்து. கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் அதே ஐந்து.

“அண்ணே, சூடேறி அணைஞ்சா ஒருக்கா சீக்கிரம் அணையும், ஒருக்கா லேட்டாகும். கரண்ட் எங்கயாவது ஒழுகினாலும் அப்படித்தான். இது ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிக்கையில அணையுது. இது பழுதாகி அணையல. யாரோ அணைக்கிறாங்க.”

“யாரு மிஸ்? நம்ம கை ரெண்டும் இங்கதானே இருக்கு?”

“லெப்டொப் சொல்பேச்சுக் கேக்காம நின்னுட்டா நாம எப்படி அணைப்போம்?”

“பவர் பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே...” என்று சொல்லிக்கொண்டு வந்தவன் அங்கேயே நிறுத்திவிட்டேன். அமுக்கிப் பிடித்தால் எந்த லெப்டொப்பும் சில வினாடிகளில் அணைந்துவிடும். அதற்கு என்ன தெரியும், பிடிப்பது விரலா வேறு ஏதாவதா என்று?

அந்த மாடலில் பவர் பட்டன் கீபோர்டின் மூலையிலேயே, மற்ற எழுத்துகளோடு ஒன்றாக இருந்தது. கீபோர்டை போர்டோடு இணைக்கும் நாடாவை மிஸ் உள்ளிருந்து கழற்றினார். பட்டனுக்குப் பதிலாக போர்டில் இருக்கும் இரண்டு புள்ளிகளை மெல்லிய இடுக்கியால் ஒருகணம் தொட்டு எடுத்தார். விளக்கு எரிந்தது. சின்னம் வந்தது. ஐந்து போனது, பத்து போனது, வட்டம் சுற்றி முடிந்து, உள்ளே வரச் சொல்லித் திரை திறந்தது. எத்தனையோ பேர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். எதையும் உடைக்காமல், எதையும் புதிதாக வாங்காமல், வெறுமனே எண்ணிப் பார்த்து ஒரு பழுதைப் பிடித்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு மிஸ் பவர் பட்டனின் மேல்மூடியை நோகாமல் நெம்பி எடுத்தார். அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாகி, ஒருதடவை அமுக்கினால் பட்டனை உடனே மேலே எழும்ப விடாமல் பிடித்திருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. மிஸ் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “அண்ணே, இது ஒங்க மேசையில வந்த வாசம்தானே?”

சந்தனம். நான் என் மீற்றருக்கு வைத்த அதே சந்தனமும் குங்குமமும். தாய் பூஜையன்று பொட்டு வைத்திருக்கிறார். மறுநாள் மகள் வேலை தொடங்குவதற்கு முன் ஈரத் துணியால் பொறுப்பாகத் துடைத்தும் விட்டிருக்கிறார். துடைத்த சந்தனம் கரைந்து இடுக்கால் உள்ளே இறங்கியிருக்கிறது.

“தூசின்னு சொல்லிருவோம் மிஸ்” என்றேன் மெதுவாக. “பாவம், குவைத்துல பாத்திரம் கழுவி வாங்கியாந்த சாமான். தன் கையாலயே கெடுத்துட்டோம்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிரும்.”

மிஸ் அந்த மூடியை மேசையில் வைத்தார். “தூசின்னு சொன்னா அடுத்த வருஷமும் இதுலயே வைப்பாங்க. பொட்டாலதான் போச்சுன்னு சொன்னா, இனி எந்த வருஷமும் வைக்க மாட்டாங்க. ரெண்டுமே நல்லா இல்லண்ணே.”

பிறகு தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்து, “அம்மா, இங்க வாங்க, ஒங்க கை வேணும்” என்றார்.

வாடிக்கையாளர் யாரையும் வேலை மேசைப் பக்கம் விட்டதேயில்லை. லெட்சுமி அம்மா தயங்கித் தயங்கி வந்தார், பின்னாலேயே மகளும் வந்தாள். மிஸ் அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுத்தார். “இந்த மூலைய மட்டும் மெதுவாத் துடைங்க. கொழுந்து கிள்ளுற கை நெதானமாப் போகும்.”

அவர் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. இரண்டாவது குச்சியும் மஞ்சளானது. வாசம் எழுந்தபோது கை நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது.

“நாந்தானுங்களா?” என்றார்.

தர்ஷினி வாயைத் திறந்தாள். “அம்மா, நீ இதுலயா போய்...”

“தர்ஷினி,” என்று மிஸ் குறுக்கிட்டார், “பவர் பட்டன் எதுன்னு அம்மாவுக்கு எப்பவாவது காட்டியிருக்கீங்களா?”

லெட்சுமி அம்மாதான் சொன்னார்: “அத அமுக்கினா வெளிச்சம் வரும், அது மட்டும் பாத்திருக்கேங்க. உசுரு அதுலதான வருதுன்னு அங்க வச்சேன். நான் இதத் தொட்டதில்லீங்க, தொடைக்கிறதோட சரி.”

வாங்கி வந்தவர் ஒருமுறைகூட அதை ஆன் செய்து பார்த்ததில்லை. தர்ஷினி தாயின் தோளில் கை வைத்தாள், எடுக்கவில்லை.

மிஸ் எல்லாவற்றையும் பூட்டி, லெப்டொப்பை மூடினார். மூடியின் நடுவில் விரலை வைத்தார். “நெத்தி இதும்மா. மூடினதுக்கு அப்புறம் இங்க வைங்க. எவ்வளவு பெரிசா வேணும்னாலும் வைங்க, உள்ள போகாது.” பிறகு திறந்து அவர் பக்கம் திருப்பினார். “இப்ப நீங்களே ஆன் பண்ணுங்க.”

லெட்சுமி அம்மா சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். நாங்கள் நான்கு பேரும் வாய்க்குள் எண்ணினோம் என்று நினைக்கிறேன். ஐந்து தாண்டியது. திரை முழுவதும் வெளிச்சம் வந்தது.

பிள்ளைகளே, கார்டு காட்டும் நம்பரை நானும் மதிக்கிறேன். ஆனால் பூஜையன்று சாமிகிட்ட வைத்தோம் என்று அந்தப் பெண் சொன்னது என் காதில் விழுந்து வெளியே போய்விட்டது. மிஸ்ஸின் காதில் அது தங்கியிருந்தது. மனிதர்கள் சொல்வதை இப்படிக் கேட்கிற ஒருவருடன் வேலை செய்ததைத்தான் என் வாழ்க்கையில் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று மத்தியானம் நான் மீற்றருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். லெட்சுமி அம்மா மட்டும் தனியாக வந்தார். லெப்டொப் திரும்பவும் போய்விட்டதோ என்று எனக்குப் பதறியது. அது வீட்டில் சாமிகிட்ட இருக்கிறதாம், மூடியில் பொட்டோடு. தர்ஷினிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாம். அவர் எங்கேயும் போகவில்லை, கொழுந்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மிஸ்ஸின் முன்னால் வைத்தார். அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்தது.

“சாயந்தரம்தான் பூஜை, இன்னும் படைக்கலீங்க” என்றார். “படைச்சா நீங்க சாப்பிட மாட்டீங்க. அதான் சாமிக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியே ஒங்க பங்க எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

சின்ன வயதில், படைப்பதற்கு முன் ஒரே ஒரு கடலையை வாயில் போட்டதற்கு அகப்பைக் காம்பால் அடி வாங்கியவன் நான். நான் அறிந்த எந்த வீட்டிலும் சாமிக்கு முன்னால் யாருக்கும் பங்கு எடுத்ததில்லை. இதற்காக அவர் பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

மிஸ் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். லெட்சுமி அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உப்பு சரியா இருக்குங்களா மிஸ்? நாங்க ருசி பாக்கக் கூடாது.”

மிஸ் இன்னொரு பிடி எடுத்துப் போட்டு நிதானமாக மென்றார்.

“சரியா இருக்கும்மா,” என்றார். “வீட்டுக்குப் போய்ப் படைங்க.”